வீட்டுக்குக் கீழேயே ஒரு முதியோர் நிலையம் எதற்கு?

உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாதியை அடைத்து, அங்கே முதியோருக்கான 'துடிப்பாக மூப்படையும் நிலையம்' ஒன்று வரவிருப்பதாக அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற கொஞ்சநஞ்ச வெற்றிடத்தையும் ஏன் எடுத்துக்கொள்கிறார்கள், இதற்கெல்லாம் தனிக் கட்டடம் கட்டக் கூடாதா, ஒன்பதாம் மாடியில் உங்களோடு இருக்கும் மாமியாருக்கு இதனால் என்ன பயன் என்று அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: சமூக சேவை என்பது மக்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன? சிங்கப்பூரில் இரண்டு குடும்பச் சேவை நிலையங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் சமூக ஊழியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு முதியோர் நிலையத்தில் தொண்டூழியம் செய்கிறேன். நீங்கள் குறிப்பிடும் கதவின் உட்பக்கத்திலேயே இத்தனை காலமும் உட்கார்ந்திருந்தவன் என்பதால் என் பார்வை சற்று ஒருபக்கம் சாய்ந்திருக்கக் கூடும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவான வரலாறு எது, நான் அனுபவத்தில் எட்டிய முடிவு எது என்பதையும் கூடிய வரை பிரித்தே எழுதுகிறேன்.

கீழ்த்தளம் காலியாக விடப்பட்டது தற்செயல் அன்று, அது எப்போதும் அப்படியே இருந்ததும் இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது அதன் முன் இருந்த வேலை, குடிசைகளிலும் நெரிசலான கடைவீடுகளிலும் வாழ்ந்தவர்களுக்கு எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஒரு கூரையைக் கொடுப்பது. 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறக்குறைய 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடியது. முதல் ஐந்தாண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி முடித்த அந்தக் காலத்தில், பல கட்டடங்களின் தரைத்தளத்திலும் வீடுகளோ கடைகளோ இருந்தன. தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்துவிடும் முறை 1960களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றி, 1970களில்தான் பொது வழக்கமாயிற்று. காற்றோட்டம், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு வழி, கம்பத்து (கிராமத்து) வாசல்களை விட்டு மாடிக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஓரிடம் ஆகியவை அதற்கான காரணங்கள். அந்த இடத்தில் மலாய்த் திருமணங்கள் நடந்தன, சீனர்களின் ஈமச்சடங்குகள் மூன்று நாள், ஐந்து நாள் என்று நடந்தன, சதுரங்கக் கோடு போட்ட கல் மேசைகள் வந்தன, மூலையில் ஒரு மாமா கடையும் வந்தது. அந்த 'மாமா' நம் மாமாதான். தமிழர் வைத்திருந்த பெட்டிக்கடைக்குப் பிற இனத்தவர் வைத்த பெயர், பின்னால் கடையை யார் நடத்தினாலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அந்த வெற்றிடத்துக்கு யாரும் முன்கூட்டியே எழுதி வைக்காத இன்னொரு பயனும் இருந்தது. ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிதாக எழுந்த தேவையை வைக்க அங்கே இடம் இருந்தது. 1960இல் தொடங்கிய மக்கள் கழகத்தின் சமூக மன்றங்கள் தனிக் கட்டடங்களில் இயங்கின. ஆனால் 1978இல் வசிப்போர் குழுக்கள் தொடங்கியபோது அவற்றுக்குக் கூட்டம் போட அறை வேண்டியிருந்தது, கீழ்த்தளத்தில் சுவரெழுப்பிக் கொடுத்தார்கள். 1983இல் ஜப்பானிய முறையைப் பின்பற்றி அக்கம்பக்கக் காவல் சாவடிகள் தோ பாயோவில் தொடங்கிப் பரவியபோது அவற்றில் பலவும் கீழ்த்தளத்துக்கே வந்தன. பாலர் பள்ளிகள், குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு மாணவர் பராமரிப்பு நிலையங்கள், குடும்பச் சேவை நிலையங்கள், டயாலிசிஸ் நிலையங்கள் எல்லாம் அதே வழியில் வந்தன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாரந்தோறும் நடத்தும் மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவையும் மாலை நேரத்தில் கீழ்த்தளத்திலேயே நடக்கின்றன. 1975இல் ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர் ஐம்பது ஆண்டு கழித்து அங்கே முதியோருக்கு இரத்த அழுத்தம் பார்ப்பார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார். எதிர்காலத்துக்கென்றே இடத்தைச் சேமித்து வைத்தார்கள் என்று நான் வாதிட வரவில்லை. விளைவு அப்படி அமைந்தது என்பதே என் வாதம். தரைத்தளத்தை அன்றே வீடுகளாக விற்றிருந்தால் இன்று ஒவ்வொரு சேவைக்கும் நிலம் தேட வேண்டியிருந்திருக்கும். தேடிக் கிடைக்கும் நிலமும் பேருந்து ஏறிப் போகும் தூரத்தில்தான் இருந்திருக்கும்.

தனிக் கட்டடம் ஏன் கூடாது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. தனிக் கட்டடங்களும் இருக்கத்தான் செய்கின்றன. பலதுறை மருந்தகங்கள் அப்படித்தான் இயங்குகின்றன. 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டியில் முதியோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நிலையம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த ஆண்டு உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக அது தேர்வு பெற்றது. தெம்பனிஸிலும் பிடோக்கிலும் 2017 வாக்கில் திறக்கப்பட்ட பெரிய மையங்களும் நூலகம், விளையாட்டரங்கு, சமூக மன்றம் என்று பலவற்றை ஒரே கூரைக்கடியில் வைத்திருக்கின்றன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் தேவைகள் இரு வகை. ஒரு வகைத் தேவை இருப்பவருக்குத் தனக்கு அது தேவை என்று தெரியும். பல்வலிக்காரர் எவ்வளவு தூரமானாலும் போவார். இன்னொரு வகையில், தேவை இருப்பவருக்கே அது தெரியாது, தெரிந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். தனிமை, மறதியின் தொடக்கம், மெல்ல மெல்லக் குறையும் நடமாட்டம், சாப்பாட்டை இரண்டு வேளையாக்கிப் பிறகு ஒரு வேளையாக்கிக்கொள்வது எல்லாம் இந்த இரண்டாம் வகை. இவற்றுக்காக யாரும் பேருந்து ஏறி வரமாட்டார்கள். நாம்தான் அவர்கள் நடக்கும் வழியில் போய் நிற்க வேண்டும்.

தேவை தெரிந்தவர்களுக்கும் தூரம் ஒரு சுமைதான். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்க வேண்டும். முடிந்து எழும்போது தலைசுற்றும். அந்த நிலையில் மின்தூக்கியில் ஏறினால் வீடு என்பதற்கும், வாடகை வண்டிக்குக் காத்து நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வீட்டாரைக் கேட்டால்தான் தெரியும். தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் நிலையங்கள் பலவற்றை வீவக கட்டடங்களின் அடியிலேயே அமைத்ததற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பண உதவியிலும் இதே பாதைதான். குறைந்த வருமானத்தினருக்காக 2005இல் தொடங்கிய காம்கேர் உதவிக்கு மக்கள் ஒரு காலத்தில் ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களையே நாட வேண்டியிருந்தது. 2013இல் கிரேத்தா ஆயரில் முதல் சமூகச் சேவை அலுவலகம் திறக்கப்பட்டு, இரண்டே ஆண்டுகளில் தீவு முழுவதும் இருபத்து நான்கு அலுவலகங்களாகப் பெருகியது. கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வந்து, ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டுக் கண் கலங்கி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போதும் தாள் குறையத்தான் செய்கிறது, ஆனால் அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே திரும்பி வரமுடிகிறது.

நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடற்பயிற்சி வகுப்பும் கரவோக்கேயும் மட்டுமே கண்ணில் படும். 'பாட்டுப் பாடவா இவ்வளவு இடம்' என்று உங்கள் அண்டை வீட்டார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பாட்டு ஒரு சாக்குத்தான். நான் போகும் நிலையத்தில் ஒரு பெரியவர் தினமும் காலை எட்டு மணிக்கு முன்பே வந்து நாளிதழை எடுத்துக்கொண்டு, ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் படித்துவிட்டுப் போவார். எந்த நடவடிக்கையிலும் சேர மாட்டார். பதிவேட்டில் அவரைப் 'பங்கேற்காதவர்' என்று குறித்தாலும் தவறில்லை. ஒரு நாள் ஒன்பதரை ஆகியும் நாளிதழ் மடிப்புக் கலையாமல் கிடந்ததைப் பார்த்த ஊழியர், மின்தூக்கியில் ஏறிப்போய்க் கதவைத் தட்டினார். குளியலறையில் விழுந்து கிடந்தவரைக் கண்டுபிடித்தது அப்படித்தான். அவர் மூன்று மாதம் கழித்து நடைவண்டியோடு திரும்பி வந்தார். அப்போதும் யாரிடமும் பேசவில்லை. நிலையம் நான்கு தெரு தள்ளி இருந்திருந்தால், முதலாவதாக, அவர் தினமும் வந்திருக்க மாட்டார். வராத ஒரு நாளை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். குறைந்த வருமானத்தினருக்கு வீவக தரும் வாடகை வீடுகளில் தனித்திருக்கும் முதியோருக்கு நிலையத்தோடு இணைந்த அபாய அழைப்புக் கருவியும் பொருத்தியிருக்கிறார்கள். ஆனால் கருவியை அழுத்தக் கை எட்ட வேண்டும் அல்லவா?

இதுவரை சொன்னது அருகிலிருப்பதன் நன்மை. அதன் மறுபக்கத்தை என் தொழிலில் இருப்பவர்கள் அவ்வளவாக வெளியில் பேசுவதில்லை. அருகில் இருப்பது என்றால் எல்லோர் கண்ணிலும் படுவது. நான் முதலில் வேலைபார்த்த நிலையத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஒளிவுமறைவில்லாமல், அன்பாக வரவேற்பதாக இருக்க வேண்டும் என்று யாரோ நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். நேர் எதிரே மின்தூக்கி வாசல். அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரு பெண்மணி, கணவரிடம் அடிபட்டு வந்தவர், எங்கள் நிலையத்தைத் தாண்டி நடந்து, பேருந்தில் நான்கு நிறுத்தம் போய் வேறொரு நிலையத்தில் உதவி கேட்டார். குடும்பச் சேவை நிலையங்களுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள், முகவரியைப் பார்த்து அந்தந்த வட்டார நிலையத்துக்கு அனுப்புவதே முறை. அவர் கோப்பு அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. தொலைபேசியில் அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்குப் பின்வாசல் உண்டா என்பது. இல்லை என்றேன். அவரை நாங்கள் ஒரு சமூக மன்றத்தின் அறையில் வைத்துச் சந்தித்தோம், அங்கே யோகா வகுப்புக்கு வந்ததாக அவர் சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு எனக்குள் ஒரு பாகுபாடு உறுதியாகிவிட்டது: முதியோர் நிலையம், பாலர் பள்ளி, டயாலிசிஸ் ஆகியவை காலடியில் இருக்கட்டும். குடும்ப வன்முறை, கடன், மனநலம் தொடர்பான சேவைகள் நடந்து போகும் தூரத்தில், ஆனால் சொந்தக் கட்டடத்தின் அடியில் இல்லாமல், பல காரியங்களுக்காகப் பலரும் நுழையும் ஒரு வாசலுக்குப் பின்னால் இருக்கட்டும். இது கொள்கை ஆவணங்களில் உள்ள விதி அன்று, என் கருத்து மட்டுமே. என்னோடு பணியாற்றிய சிலர் இதை ஏற்கவில்லை. சேவையை மறைத்து வைத்தால் வெட்கம் இன்னும் கூடும் என்பது அவர்கள் வாதம், அதிலும் உண்மை இருக்கிறது.

வாடகை வீடுகள் உள்ள கட்டடங்களில் இந்த வெட்கம் வேறு வடிவம் எடுக்கிறது. இந்த வீடுகளைப் பெற, மாத வருமானம் 1,500 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டாத குடும்பங்கள் என்பதே பல்லாண்டுகளாக இருந்துவரும் பொது அளவுகோல். மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு ஓரறை வீட்டின் மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. இத்தகைய கட்டடங்களின் அடியில் சேவை நிலையங்களை நெருக்கமாக வைப்பது இயல்பு, தேவை அங்கேதானே இருக்கிறது. ஆனால் உதவி நிலையம், இலவச உணவு, துணைப்பாட வகுப்பு, அமைச்சின் சுவரொட்டி எல்லாம் ஒரே கட்டடத்தின் கீழே சேர்ந்தால், அந்தக் கட்டடத்துக்கே ஒரு பெயர் வந்துவிடுகிறது. பள்ளி நண்பர்களுக்கு எதிர்க்கட்டடத்தின் எண்ணைச் சொல்லி, அங்கே இறங்கிக்கொண்டு, அவர்கள் போன பிறகு சாலையைக் கடந்து வீட்டுக்குப் போகும் பிள்ளைகளை நான் அறிவேன். அண்மை ஆண்டுகளில் சில புதிய கட்டடங்களில் வாடகை வீடுகளையும் விற்பனை வீடுகளையும் கலந்து வைக்கத் தொடங்கியிருப்பதும், வாடகை வீட்டுப் பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடிச் சென்று பேசும் காம்லிங்க் திட்டத்தை 2019இல் தொடங்கி 2021இலிருந்து நாடு முழுவதும் விரித்ததும் இந்தச் சிக்கலை உணர்ந்ததன் அடையாளங்கள் என்றே கருதுகிறேன்.

உங்கள் மாமியார் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முன்பு முதியோர் நடவடிக்கை நிலையங்கள் என்று இருந்தவை பெரும்பாலும் வாடகை வீடுகளில் வாழும் ஏழை முதியோருக்காகவே அமைந்தவை. அதனால்தான் 'அது வசதி இல்லாதவர்களுக்கு' என்ற எண்ணம் பலர் மனத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் தெரிகிறது. 2021இலிருந்து இந்த ஏற்பாடு மாறியிருக்கிறது. துடிப்பாக மூப்படையும் நிலையம் தன் எல்லைக்குட்பட்ட கட்டடங்களில் வாழும் அறுபது வயதுக்கு மேற்பட்ட எவருக்கும் உரியது, வருமானமோ வீட்டின் வகையோ பார்ப்பதில்லை. 2025க்குள் இத்தகைய நிலையங்களை 220ஆகப் பெருக்குவது அரசின் இலக்காக இருந்தது. 2030 வாக்கில் குடிமக்களில் நான்கில் ஒருவர் அறுபத்தைந்தைத் தாண்டியிருப்பார் என்ற கணிப்பே அதன் பின்னணி. உடல், மனம், பழக்கவழக்கத்தை இயக்கத்தில் வைத்திருக்கும் நடவடிக்கைகள், தனித்திருப்பவரைச் சென்று பார்க்கும் நட்புறவு, மேற்கொண்டு பராமரிப்பு வேண்டுமானால் எங்கே போவது என்று வழிகாட்டுவது ஆகிய மூன்றும் நிலையத்தின் அடிப்படை வேலைகள். பகலெல்லாம் நீங்களும் உங்கள் கணவரும் வேலைக்குப் போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தோடு வாழ்பவர் தனிமையில் இல்லை என்று படிவத்தில் குறிப்பது எளிது. காலை ஏழரையிலிருந்து மாலை ஏழரை வரை தொலைக்காட்சியோடு மட்டும் இருப்பவரை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

தமிழ் முதியோர் விஷயத்தில் நான் வெறும் நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போக மாட்டேன். ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. 1989இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி, ஒரு கட்டடத்தில் இந்தியரும், சீனரோ மலாய்க்காரரோ அல்லாத பிற இனத்தவரும் சேர்ந்து வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொடக்கத்தில் கட்டடத்துக்கு 13 விழுக்காடு, அக்கம்பக்கத்துக்கு 10 விழுக்காடு என்றிருந்தது 2010இல் 15, 12 என்று உயர்ந்தது. இனவாரியான குடியிருப்புகள் உருவாகாமல் தடுப்பது நோக்கம், அது பெருமளவு நிறைவேறியும் இருக்கிறது. ஆனால் அதன் பக்கவிளைவு, தமிழ் பேசும் முதியோர் எல்லாக் கட்டடங்களிலும் இருக்கிறார்கள், எந்தக் கட்டடத்திலும் ஒரு குழுவாகச் சேரும் அளவுக்கு இல்லை. ஐந்தாறு கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிலையத்தில் காலை வகுப்புக்கு முப்பது பேர் வந்தால் அதில் தமிழர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். வகுப்பு மாண்டரினில் நடக்கும், நகைச்சுவை ஹொக்கியனில் வெடிக்கும், நம் பாட்டி சிரிப்பவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுநாள் வராமல் இருந்துவிடுவார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எண்ணிக்கை செய்யும் வேலை இது. பழைய தலைமுறையில் பலருக்குச் சந்தை மலாய் தெரிந்திருந்ததால் எல்லோரும் அதில் பேசிக்கொண்டார்கள். தமிழகத்திலிருந்து பின்னாளில் பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெற்றோருக்கு அந்தப் பாலமும் இல்லை. உணவிலும் இதே கதை: மரக்கறி மட்டும் உண்பவர் என்றால் சீனச் சைவ உணவுதான் வரும், சோற்றுக்குக் குழம்பு இல்லையே என்று ஒரு பாட்டி என்னிடம் ஆறு மாதம் சலித்துக்கொண்டார்.

இதற்கு நாங்கள் செய்து பார்த்ததில் பலனளித்தது, அருகருகே உள்ள இரண்டு மூன்று நிலையங்கள் பேசிவைத்துக்கொண்டு வாரத்தில் ஒரு நாளைத் தமிழ் முதியோருக்கென ஒதுக்கியது. தனித்தனியே இருவர், மூவர் என்றிருந்தவர்கள் ஓரிடத்தில் சேர்ந்தபோது பன்னிரண்டு பேர் ஆனார்கள். பன்னிரண்டு பேர் இருந்தால் பல்லாங்குழியும் நடக்கும், வம்பும் நடக்கும். 1991இல் தொடங்கிய சிண்டா போன்ற அமைப்புகள் இந்தியச் சமூகத்துக்காகவே இயங்குகின்றன, ஆனால் அதன் தலைமையகம் பீட்டி சாலையில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரருக்கு ஒன்பதாம் மாடியிலிருந்து கீழ்த்தளம் வருவதும் பீட்டி சாலை போவதும் ஒன்றாகாது.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதியோர் நிலையம் வந்தால் வீட்டின் மறுவிற்பனை விலை குறையும் என்று உங்கள் கட்டடத்தில் பேசிக்கொள்கிறார்கள் போலும். 2012இலும் இதே பேச்சு எழுந்தது. உட்லண்ட்ஸில் கீழ்த்தள முதியோர் நிலையத்துக்கும், தோ யீயில் முதியோருக்கான சிறு வீடுகளுக்கும், பீஷானில் தாதிமை இல்லத்துக்கும் அந்த ஆண்டு குடியிருப்பாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தது நாளிதழ்களில் பெரிதாக வந்தது. விலைக்கு எம்.ஆர்.டி. ரயில் நிலையமும், பள்ளியும், மீதமுள்ள குத்தகை ஆண்டுகளும் பெருங்காரணங்கள். கீழே இருக்கும் ஒரு நிலையத்தை மட்டும் பிரித்தெடுத்து இதனால் இவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்பவர் எந்தப் பக்கத்தவரானாலும் நான் நம்புவதில்லை. அதுபோலவே, சேவைகள் அருகில் வந்துவிட்டால் வறுமை குறைந்துவிடும் என்ற வாதத்தையும் நான் முன்வைக்க மாட்டேன். எங்கள் நிலையத்துக்கு வந்த தாயின் மகள் பதினைந்து ஆண்டு கழித்துத் தன் குழந்தையோடு அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன், அப்படி உட்காராமல் வெளியேறிப் போன பலரையும் பார்த்திருக்கிறேன். அருகில் இருந்ததால் அவர்கள் விரைவாக வந்தார்கள் என்பது வரைதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

உங்கள் மனக்குறையில் ஒன்றை நான் மறுக்கவே மாட்டேன். அந்த இடத்தில்தான் உங்கள் மாமனாரின் நல்லுடலை வைத்து, மாடிமாடியாக அக்கம்பக்கத்தார் இறங்கி வந்து பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்ப்புத் தெரிவிப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்று முத்திரை குத்துவது என் துறையில் உள்ளவர்களின் பழக்கம், நானும் ஒரு காலத்தில் அதைச் செய்தவன். வெற்றிடமும் ஒரு சேவைதான் என்பதை வெகு தாமதமாகவே உணர்ந்தேன். அதற்கு ஊழியர் வேண்டாம், படிவம் வேண்டாம், நகர மன்றத்தின் அனுமதி ஒன்றிருந்தால் யாரும் பயன்படுத்தலாம். இந்தப் பதிலின் தொடக்கத்தில் அந்த வெற்றிடமே பல தலைமுறைத் தேவைகளுக்கு இடங்கொடுத்தது என்று எழுதினேன். அதன் மறுமுனை என்னவென்றால், ஒவ்வொரு தலைமுறையும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டே போனால் அடுத்த தலைமுறைக்குத் தூண்களுக்கிடையே நடைபாதை மட்டுமே மிஞ்சும். புதிய குடியிருப்புப் பேட்டைகள் சிலவற்றில் கீழ்த்தளம் சுருங்கி, பல கட்டடங்களுக்குப் பொதுவாக ஒரு தனி மண்டபம் கட்டுகிறார்கள். திருமணத்துக்கு அது வசதி. அந்தி நேரத்தில் சும்மா இறங்கி வந்து உட்கார்வதற்கு அது உதவுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

யாரிடம் பேசுவது என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. கட்டடமும் நிலமும் வீவக வசம். பொது இடங்களின் அன்றாடப் பராமரிப்பும், விழாவுக்கும் ஈமச்சடங்குக்கும் அனுமதி தருவதும் நகர மன்றத்தின் பொறுப்பு. நிலையத்தை நடத்துவது ஒரு சமூக சேவை அமைப்பு, முதியோர் நிலையமானால் சுகாதார அமைச்சும் குடும்பச் சேவை நிலையமானால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சும் அதற்கு நிதி தருகின்றன. ஆகவே இரைச்சல், மின்விளக்கு, மிதிவண்டி நிறுத்தம் பற்றி முதியோர் நிலைய ஊழியரிடம் சண்டையிட்டுப் பயனில்லை. நடவடிக்கைகளின் மொழி பற்றி நகர மன்றத்துக்கு எழுதியும் பயனில்லை. வசிப்போர் குழுவின் கூட்டத்தில் இந்தத் திட்டம் வரும்போது நிலையமே வேண்டாம் என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும், உங்கள் கருத்துப் பதிவேட்டில் ஒரு வரியாகப் போய்விடும். அதைவிட வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அடைக்கப்படும் இடம் எத்தனை தூண் இடைவெளி, மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தில் ஒரு கூடாரம் போட்டு ஐம்பது நாற்காலி வைக்க முடியுமா, நிலையம் மூடிய பின் மாலையிலும் வார இறுதியிலும் அதன் முன்கூடத்தைக் குடியிருப்பாளர்கள் பயன்படுத்த முடியுமா, கதவு மின்தூக்கியைப் பார்த்திருக்கிறதா, கழிவறை வெளியிலிருந்தும் திறக்குமா என்று கேளுங்கள். வரைபட நிலையில் கதவை இடம் மாற்றுவது ஒரு கோட்டை அழித்து எழுதும் வேலை. சுவர் எழும்பிய பிறகு எவரும் அதைச் செய்து தர மாட்டார்கள். எங்கள் கண்ணாடி முகப்புக்குத் திரைச்சீலை போடவே ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

நடத்தப்போகும் அமைப்பு எதுவென்று தெரிந்ததும் அதன் மேலாளரிடம் தமிழ் பேசும் ஊழியரோ தொண்டூழியரோ இருப்பாரா, எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு வையுங்கள். கேட்பவர் இருந்தால்தான் தேடுவார்கள். திறந்த முதல் வாரத்தில், அந்த நாள் பார்த்து, மாமியாரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். உடற்பயிற்சி, பாட்டு என்று எதையும் சொல்லி அழைக்காதீர்கள், பெரும்பாலான தமிழ்ப் பாட்டிகள் அதைக் கேட்டதுமே எனக்கெதற்கு இந்த வயதில் என்பார்கள். இரத்த அழுத்தம் பார்க்கிறார்களாம், பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் நீங்கள் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிடுங்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் போதும்.